ஹாஜியாரின் காது

விண்ணப்பக் காலம் முடிய எழுபத்தொரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் இருந்தபோது, கல்முனை கமர் தியேட்டருக்கு அந்தச் சுற்றறிக்கை தமிழில் வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு நாற்பது. திங்கட்கிழமை நாலு மணியோடு கதை முடிந்துவிடும்.

சிங்களத்தில் அது மூன்று மாதத்துக்கு முன்பே வந்திருந்தது. முதலாளி காலிதீன் ஹாஜியார் அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த டிக்கட் மேசையின் காலுக்குக் கீழே வைத்திருந்தார். அரசாங்கக் கடிதத்தால் இப்படியும் ஒரு பிரயோசனம் உண்டு என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

ஒப்பரேட்டர் குணம் தமிழ்க் கடிதத்தை நின்றபடியே வாசித்தான். பாண்டிருப்பிலிருந்து இருபத்திரண்டு வருடமாகச் சைக்கிளில் வந்து அந்தத் தியேட்டரில் மெசின் ஓட்டுகிறவன். யுத்தம் முடிந்து இரண்டு வருடமாகிவிட்டது, நாட்டின் தியேட்டர்கள் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறவேண்டும், மாறுகிறவர்களுக்குப் புதிய புரஜெக்டர் இறக்குமதித் தீர்வை இல்லாமல் கிடைக்கும் என்று முதல் மூன்று பந்திகளும் சொல்லின. குணத்துக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நாலாவது பந்தியை இரண்டு தரம் வாசித்தான்.

‘இச்சலுகை, இன்றுவரை பிலிமில் மாத்திரம் படம் காட்டிவரும் தியேட்டர்களுக்கே உரியது. ஏற்கெனவே டிஜிட்டல் முறைக்கு மாறியவர்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை.’

கமர் தியேட்டரில் நாலு வருடமாகப் பிலிம் ஓடவில்லை. அங்கே ஓடுவது டிஸ்க். படம் பார்க்க வருகிற எல்லோருக்கும் இது தெரியும். படம் நடுவில் இறுகி நின்றால் பின்வரிசையிலிருந்து, “குணம் அண்ணே, எடுத்துத் துடைங்க!” என்று கத்துவார்கள். தெரியாத ஒரே ஆள் ஹாஜியார். “துடைங்க” என்ற சத்தம் கேட்டால் அவர் உடனே துணியோடு ஆளை அனுப்பிக் கதிரைகளைத் துடைப்பிப்பார்.

அவருக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. சுனாமிக்கு அடுத்த வருடம் அவர் ஹஜ்ஜுக்குப் போய்வந்தார். சுனாமியன்று கடல் வந்து, தியேட்டரின் முன் ஏழு வரிசையைக் கொண்டுபோய், எட்டாவது வரிசையில் ஒளிந்திருந்த அவரை விட்டுவிட்டுப் போனது. அந்த நன்றிக்கு, இனித் திரையைப் பார்ப்பதில்லை என்று நிய்யத்து வைத்தார். தியேட்டரை மூட மனம் வரவில்லை. ஆகவே வாசலில், திரைக்கு முதுகைக் காட்டி, ஒரு கதிரையில் உட்கார்ந்துகொண்டு படத்தைக் காதால் மட்டும் கண்காணித்தார். “ஹாஜியாரே, கண் மட்டும்தான் ஹஜ்ஜுக்குப் போனதா? காதுக்குப் பாஸ்போட் கிடைக்கல்லயா?” என்று கடைத்தெருவில் கேட்பார்கள். “காது வியாபாரத்துக்கு,” என்பார்.

அந்தக் காதில் அவருக்கு அபார நம்பிக்கை. பிறந்தது மருதமுனையில், பதினாறு தறிகளுக்கு நடுவில். எந்தத் தறியில் எந்த நூல் அறுந்தது என்று தொட்டிலில் கிடந்தே சொன்னாராம். அவருடைய உம்மா அப்படிச் சொன்னதாக அவரே சொல்வார்.

யுத்தம் கிழக்கில் கடுமையாக இருந்த வருடம், மட்டக்களப்பிலிருந்து வரும் பிலிம் பெட்டியை ஒவ்வொரு செக்பொயின்ரிலும் திறந்தார்கள். ஒருநாள் ஒரு சிப்பாய் றீல் ஒன்றை முழுவதாக இழுத்துப் பார்த்துவிட்டு, திரும்பச் சுற்றத் தெரியாமல் ஒரு கூடையில் போட்டுக் கொடுத்தான். அதன் பிறகு ஏஜன்ட் அழகரெத்தினம் பிலிமுக்குப் பதிலாக டிஸ்க் அனுப்பத் தொடங்கினார். அதே தகரப் பெட்டி. பாரம் குறையாமலிருக்க உள்ளே ஆறு செங்கல். “உங்கட ஹாஜியாரிட்ட சொல்லிப்போடாதே குணம்,” என்று தொலைபேசியில் சொன்னார். “பிலிம் நிண்டா தியேட்டரையும் நிப்பாட்டிருவன் எண்டு என்னட்டையே சொன்ன மனிசன்.”

ஹாஜியார் குணத்திடமும் சொல்லியிருந்தார். “பிலிம் நிக்கிற அண்டைக்கு இது சீமெந்துக் களஞ்சியம்.”

குணம் சொல்லவில்லை. கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடும் சின்னப் புரஜெக்டர் ஒன்றை வாங்கி, மெசினுக்குப் பக்கத்து ஓட்டையில் வைத்தான். முதல் காட்சி தொடங்கி ஐந்து நிமிடத்தில் ஹாஜியார் மெசின் அறைக்கு ஏறும் மாடிப்படியின் கீழே வந்து நின்றார். “குணம்! மெசின் நிண்டு போச்சு! சனம் காசைத் திருப்பிக் கேக்கப் போகுது!” உள்ளே சனம் வாய் திறந்து படம் பார்த்துக்கொண்டிருந்தது. குணம் பழைய மெசினை வெறுமையாக ஓடவிட்டான். கடகட, கடகட. ஹாஜியார் திருப்தியோடு கதிரைக்குத் திரும்பினார். அன்றிலிருந்து ஒவ்வொரு காட்சிக்கும் வெறும் மெசின் ஓடியது. முழங்கால் வலி காரணமாக ஹாஜியார் மாடி ஏறுவதில்லை. அந்த முழங்காலுக்குக் குணம் மனதார நன்றி சொல்வான்.

இப்போது அழகரெத்தினமும் கையை விரித்துவிட்டார். புதுப்படங்கள் அடுத்த மாதம் முதல் சரியான டிஜிட்டல் மெசின் உள்ள தியேட்டர்களுக்கு மட்டும்தான். அங்கே உலகத்தோடு ஒரே நாளில் படம் வரும். மற்றவர்களுக்கு டிஸ்க்கும் கிடையாது, செங்கல்லும் கிடையாது. ஊரில் வீடு கட்டாத ஆளில்லை என்பதால் சீமெந்து வியாபாரிகள் இரண்டு பேர் தியேட்டரின் சுவரை ஏற்கெனவே அடியால் அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஹாஜியார் விண்ணப்பத்தில் ஒப்பம் வைக்காவிட்டால், குணம் திங்கட்கிழமை பின்னேரம் நாலு மணியிலிருந்து சீமெந்து மூட்டைகளுக்குக் காவல்காரன்.

கடிதத்தை ஹாஜியாருக்கு வாசித்துக் காட்டினான். நாலாவது பந்தியைக் கொஞ்சம் வேகமாக வாசித்தான்.

“தேவல்ல,” என்றார் ஹாஜியார். “படம் எண்டா பிலிம். டிஜிட்டல் எண்டா தேங்காப்பால் இல்லாத கறி.”

“நீங்க பாக்கிறதே இல்லியே ஹாஜியார்.”

“சமைக்கிறவன் எல்லாம் நோன்பு நாளையில உப்புப் பாக்கிறானா? வாசத்திலயே தெரியும்.”

சனிக்கிழமை காலை குணம் ஹாஜியாரின் வீட்டுக்குப் போனான். மனைவி றஹீமாவைக் கொண்டுதான் இவரை அசைக்கலாம் என்பது அவனுடைய கணக்கு. குசினிப் பக்கம் நின்று மெதுவாக விசயத்தைச் சொன்னான். றஹீமாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவருடைய தங்கையின் மகள்மார் கமரில் படம் பார்க்கிறவர்கள்.

“தம்பி, நீங்களே உண்மையச் சொல்லுங்களன்.”

“சொன்னா வேல போயிரும் ராத்தா. நீங்க சொல்லுங்க.”

“நான் சொன்னா நம்பமாட்டார். கல்யாணம் முடிச்சு முப்பத்தாறு வருசத்தில நான் சொன்ன ஒண்டையும் நம்பல்ல. போன கிழம வீட்டுக்குள்ள பாம்பு எண்டன். தறிக் கயிறா இருக்கும் எண்டார். பாம்பு அவருக்குச் சலாம் சொல்லாத குறை.”

ஆனாலும் உள்ளே போய்ப் பேசினார். குணத்துக்கு வெளியே கேட்டது.

“இஞ்சருங்க, நீங்க பாக்காத படம் பிலிம்ல ஓடினா என்ன, சுளகில ஓடினா என்ன?”

“எனக்குக் காது இருக்கு.”

“எந்தக் காது? காலையில மூணு தரம் கூப்பிட்டன், கேக்காத காதா?”

“அது வீட்டுக் காது. தியேட்டர்க் காது வேற.”

கடைசியில் ஹாஜியார் ஒரு தீர்ப்போடு வெளியே வந்தார். திங்கட்கிழமை கொழும்பிலிருந்து அதிகாரி வருவாராம், சுற்றறிக்கை சொல்கிறது. வரட்டும். டிஜிட்டல்காரனும் தன் பெட்டியைக் கொண்டு வரட்டும். முதலில் நம்மட பிலிம் ஓடும். பிறகு அவங்கட டிஜிட்டல் ஓடும். “நான் வாசல்ல இருந்து கேப்பன். நம்மடத விட அது திறமா இருந்தா ஒப்பம் வைக்கிறன். இல்லாட்டி சீமெந்து.”

குணம் தியேட்டருக்குச் சைக்கிளை மிதித்தான். பிலிம் ஓடவேண்டும் என்றால் பிலிம் வேண்டும். அதிகாரி மெசினைத் திறந்து பார்ப்பார். தியேட்டரின் களஞ்சிய அறையில் இருந்த றீல்களைச் சுனாமித் தண்ணீர் எப்போதோ கூழாக்கிவிட்டது. சனிக்கிழமை முழுவதும் மாடியைத் தோண்டினான். பின்னேரம், உடைந்த விசிறிக்குப் பின்னால் ஒரே ஒரு றீல் அகப்பட்டது. ‘நுளம்பை ஒழிப்போம்’. சுகாதாரத் திணைக்களம் எடுத்தது. எட்டு நிமிடம். ஒரு காலத்தில் எந்தப் படத்துக்கு முன்னாலும் இதைக் காட்டியே ஆகவேண்டும் என்று அரசாங்கக் கட்டளை இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் நுளம்பின் வசனத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஹாஜியார் வயலுக்குப் போன நேரம் பார்த்து கல்யாண வீட்டுப் புரஜெக்டரைச் சாக்கில் சுற்றி ஒளித்துவிட்டு, மெசினைத் துடைத்து எண்ணெய் விட்டான். பிலிமை எந்தப் பல்லில் மாட்டி எந்த உருளையின் கீழே விடுவது என்பது மறந்துபோயிருந்தது. இருபத்திரண்டு வருடத்து ஒப்பரேட்டர் இரண்டு மணித்தியாலம் முடிச்சுப் போட்டான். கடைசியில் லாம்ப் பற்றி, திரையில் ஒரு நுளம்பு தலைகீழாகத் தோன்றியது. திருப்பிப் போட்டான். நுளம்பு நிமிர்ந்தது. குணமும் நிமிர்ந்தான்.

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு வான் வந்து நின்றது. அதிகாரி ஒரு பெண், விதுஷா என்று பெயர், கையில் தடித்த பைல். கூடவே புரஜெக்டர் கம்பனியின் பிரசாந், கழுத்தில் டை, முகமெல்லாம் வியர்வை.

“இதோட ஏழாவது தியேட்டர்,” என்றாள் விதுஷா, றஹீமா அனுப்பிய பிளேன்டீயை வாங்கிக்கொண்டு. “ரெண்டுல கல்யாணம் நடக்குது. ஒண்டுல நெல்லு. மூண்டு பேர் தாங்களாவே டிஜிட்டலுக்கு மாறிட்டாங்க. அவங்களுக்குக் குடுக்க ஏலாது.”

“ஏன் மிஸ்?” என்றான் குணம்.

“இது மாறுறவங்களுக்கு உதவி. மாறினவங்களுக்கு ஏன் மாற உதவி?”

“அவங்க கடன்பட்டு மாறியிருப்பாங்களே.”

“ஓம். கெட்டிக்காரர். அதனாலதான் அவங்களுக்கு இல்ல.” அவள் இதைச் சிரிக்காமல்தான் சொன்னாள். “இண்டைக்கு நாலு மணிக்கு இந்த மாவட்டத்துக்கு ஒரு ஒப்பம்கூட இல்லாட்டி, நான் திணைக்களத்துல என்ன சொல்றது? நீங்கதான் கடைசி.”

ஹாஜியார் வாசலில் தன் கதிரையில் உட்கார்ந்தார். வெள்ளை ஜுப்பா, தலையில் தொப்பி, முதுகு திரைப் பக்கம். கண்ணையும் மூடிக்கொண்டார். “தொடங்கலாம்,” என்றார் தீர்ப்புச் சொல்லப்போகும் காழியைப் போல.

மாடியில் குணம் நுளம்பை ஓடவிட்டான். விதுஷா மெசினின் கதவைத் திறந்து, பிலிம் ஓடுவதைக் கண்ணால் பார்த்து, பைலில் சரி போட்டாள். அந்தச் சரியைக் கண்டதும் குணத்துக்குப் போன உயிர் பாதி வந்தது.

கீழேயிருந்து சத்தம் வந்தது.

“குணம்! என்ன இது?”

குணம் எட்டிப் பார்த்தான். ஹாஜியார் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. பிலிம் மாட்டிய மெசின் வெறும் மெசினைப் போலச் சத்தம் போடாது. பிலிம் நடுவில் ஓடும்போது பல்லுகள் மெத்தென்று பேசும். வெறும் மெசின்தான் மருதமுனைத் தறியைப் போலக் கடகடக்கும். நாலு வருடமாக ஹாஜியார் கேட்டு ரசித்தது அந்தக் கடகடப்பை.

“என்ன இது, பூனை பாயில நடக்கிற மாதிரி! முதல்ல பிலிம் எண்டு சொன்னன்தானே? டிஜிட்டல ஏன் முதல்ல போட்ட?”

“அவர் என்ன சொல்றார்?” என்றாள் விதுஷா.

“ஓடுறது நல்லாயில்லையாம்,” என்றான் குணம். அதில் பொய் எதுவும் இல்லை.

“நல்லதுதானே!” என்று பிரசாந் கையைத் தேய்த்துக்கொண்டான். “நம்மடதப் போடுவம்.”

நுளம்பு செத்து முடிந்தது. பிரசாந் தன் பெட்டியை ஓட்டைக்கு நேரே வைத்து, பட்டனை அமத்தினான். திரை பளிச்சென்று விரிந்தது. மழையில் நனைந்த ஒரு மலை, ஒரு அருவி, ஒவ்வொரு துளியும் தனித்தனியாக. பெட்டியிலிருந்து சின்ன மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

டிஜிட்டல் படம் திரையில் தோன்றியதும் குணத்தின் வலது கை என்ன செய்யும்? நாலு வருடமாக ஒரு நாளைக்கு மூன்று காட்சி என்ன செய்ததோ அதையே செய்தது. தானாகப் போய் வெறும் மெசினின் சுவிச்சைப் போட்டது.

கடகட, கடகட, கடகட.

“அண்ணே, இது எதுக்கு?” என்றான் பிரசாந்.

“இது...” குணம் தன் கையைப் பார்த்தான். “வழக்கம்.”

கீழே ஹாஜியார் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். “அல்ஹம்துலில்லாஹ்! இதுதான்! இதுதான் நம்மட பிலிம்! பிள்ள, கேட்டீங்களா? சோக்கா இருக்கு! இதுக்கு முன்னால உங்கட டிஜிட்டல் என்ன டிஜிட்டல்?”

மூன்று பேரும் படியிறங்கி வந்தார்கள். விதுஷா ஏதோ திருத்தப் போனாள். பிரசாந் முந்திக்கொண்டான். எத்தனை ஊரில் எத்தனை முதலாளிமாரைக் கண்டவன்.

“ரெண்டாவதா ஓடினதுதானே ஹாஜியாருக்குப் பிடிச்சது?”

“பின்ன?”

“அந்த மெசினுக்குத்தான் இந்த விண்ணப்பம்.”

ஹாஜியார் சந்தேகத்தோடு பார்த்தார். “பிலிம் நம்மட்ட இருக்கே. அதுக்கேன் விண்ணப்பம்?”

“முதலாவதா ஓடினதக் கழட்டிட்டு, ரெண்டாவதா ஓடினத நிரந்தரமா வைக்க. ஒப்பம் வெச்சா வெள்ளிக்கிழம புதுப்படம்.”

“அப்ப சரி. அந்தப் பூனை மெசின இண்டைக்கே கழட்டுங்க. இது மட்டும் போதும்.” ஹாஜியார் பேனையை வாங்கினார்.

மூன்று இருபத்தைந்து. குணத்துக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் உண்மையின் ஓரத்தால் நடந்து கரை சேர்ந்துவிட்டார்கள்.

“ஒரு நிமிசம்,” என்றாள் விதுஷா. “நாலாம் பந்திக்குரிய உறுதிமொழி. இத நான் வாசிச்சுக் காட்டி, நீங்க உறுதிப்படுத்தவேணும்.” வாசித்தாள். “‘இந்தத் தியேட்டரில் இன்றுவரை பிலிமில் மாத்திரமே படம் காட்டப்பட்டது என இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.’ இதுக்குக் கீழ ஒப்பம்.”

“இதுக்கு ஒப்பம் மட்டும் போதுமா பிள்ள?” ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. ஊரில் எல்லோரும் கிண்டலடிக்கிற தன்னுடைய பிலிம் பிடிவாதத்தை அரசாங்கமே வந்து எழுத்தில் கேட்கிறது. “நான் சத்தியம் பண்ணியே சொல்றன். கொஞ்சம் நில்லுங்க. ஒளுச் செய்துபோட்டு வாறன்.”

குணத்தின் சிரிப்பு நின்றது.

ஹாஜியாரின் சத்தியம் எப்படிப்பட்டது என்று கல்முனையில் எல்லோருக்கும் தெரியும். ஒரு காணி வழக்கில், எல்லைக்கல் நின்ற இடம் நிச்சயமாகத் தெரியும் என்று சத்தியம் செய்தால் போதும், மூன்று ஏக்கர் வயல் அவருக்கு. நினைவில் ஒரு முழம் சந்தேகம் இருந்தது. சத்தியம் செய்யவில்லை. அந்த வயல் போனது. அதைப்பற்றி அவர் வருத்தப்பட்டதை யாரும் கேட்டதில்லை.

தியேட்டரின் பின்பக்கத்தில் பைப்புத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஒளுவுக்கு முதலில் கை. பிறகு வாய். பிறகு முகம். ஹாஜியார் ஆறுதலாக, ஒன்றையும் விடாமல் கழுவினார்.

குணம் மணிக்கூட்டைப் பார்த்தான். மூன்று முப்பத்தேழு. பேசாமல் நின்றால் தியேட்டர் தப்பும். வேலை தப்பும். வெள்ளிக்கிழமை கமர் வாசலில் சனம் வரிசையில் நிற்கும். தெரியாமல் சொன்ன சத்தியத்துக்குப் பாவமில்லை என்று ஹாஜியாருடைய மார்க்கத்தில் இருக்கக்கூடும். குணத்துக்கு அது தெரியாது. ஆனால் தெரிந்தவன் ஒருவன் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு எந்த மார்க்கத்தில் என்ன கணக்கு? பேசினால் விதுஷா பைலை மூடுவாள். ஏற்கெனவே மாறிச் சலுகை இழந்த மூன்று பேர் நாலாகிவிடுவார்கள்.

“அண்ணே, ஏன் வேர்க்குது?” என்றான் பிரசாந்.

“ஒண்டுமில்ல.”

தண்ணீர் நின்றது. ஹாஜியார் முழங்கை வரை ஈரத்தோடு வந்தார். தாடியிலிருந்து ஒரு துளி ஜுப்பாவில் விழுந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மக்கா இருக்கும் கிப்லாப் பக்கம் திரும்பினார்.

“குணம், நீ பக்கத்துல நில்லு. இருபத்திரண்டு வருசம் ஓட்டினவன் நீ. நீதான் சாட்சி.”

குணம் பக்கத்தில் போய் நின்றான்.

ஹாஜியார் வலது கையை உயர்த்தினார். தொண்டையைச் செருமினார்.

“வல்லாஹி, இந்தத் தியேட்டர்ல இண்டுவர...”

குணம் அந்த ஈரக் கையை எட்டிப் பிடித்தான். இத்தனை வருடத்தில் அவன் முதலாளியைத் தொட்டதே இல்லை.

“சொல்லாதீங்க ஹாஜியார்.” குரல் அவனுக்கே புதிதாக, உரக்க வந்தது. “நாலு வருசமா இஞ்ச ஓடுறது டிஜிட்டல்தான்.”